முட்டை இல்லாத கேக்

அமெரிக்காவில், எங்கள் பார்சிப்பனி ஊர் நண்பர் கூட்டத்தில் எனக்குச் ‘சைவத் தூண்டில்’ என்று பெயர். சனிக்கிழமை காலையானால் தூண்டிலோடு ஏரிக்குப் போவேன். ஆனால் மீன் சாப்பிட மாட்டேன். பிடித்ததை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். தூண்டிலில் கோப்பதுகூட ரப்பர் புழுதான். “ஒரு புழுவைக்கூடக் கொன்னதில்ல சார்” என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மாலை நான்கு மணிக்கு நண்பர் வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. அதற்குள் ஒரு பெரிய மீனோடு போட்டோ எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். முந்தைய வாரம் இன்னொருவர் போட்டிருந்த மீன் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீர். சேறும் பாசியுமான தரையில், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே ஒரு பாஸ் மீன் இடம் விட்டு நகராமல் வாலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. அது முட்டையிட்டுக் காவல் காக்கும் கூடு என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வசந்தத்தில் கூட்டின்மேல் நிற்கும் பாஸ் சுலபமாக மாட்டும் என்று வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த நாட்களில் பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். விடத்தானே போகிறோம், இதில் என்ன பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பர் புழுவை வட்டத்துக்குள் போட்டேன். மீன் அதைக் கவ்வி, வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. வாசலில் கிடக்கும் குப்பையை எடுத்துப் போடுவது மாதிரி. மூன்றாவது தடவை சுண்டி இழுத்தேன், மாட்டிக்கொண்டது.

முதல் போட்டோவில் மகளின் கை ஆடிவிட்டது. இரண்டாவதில் நான் கண்ணை மூடியிருந்தேன். “இன்னொண்ணு எடும்மா” என்றேன். அவள் போனைத் தாழ்த்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள்.

“அப்பா, லுக். தே ஆர் ஈட்டிங் சம்திங்.”

உள்ளங்கை அகலத்தில் தட்டையான சின்ன மீன்கள் பத்துப் பன்னிரண்டு, வட்டத்துக்குள் தலைகீழாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. பாஸை அவசரமாக விட்டேன். அது ஆழத்துக்கு ஓடவில்லை. நேராக வட்டத்துக்குப் போய் அவற்றை விரட்டியது.

“பாவம், அம்மா மீன்” என்றேன்.

மகள் போனில் தேடிப் பார்த்தாள். “நோ அப்பா. தட்ஸ் த டாட். மாம் லேஸ் த எக்ஸ் அண்ட் லீவ்ஸ். ஹீ ஸ்டேஸ்.”

அதோடு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. போட்டோ சரியாக வராத எரிச்சலில், “ஒரே ஒரு தடவைம்மா. டூ மினிட்ஸ். விட்டுடுவேன்ல?” என்றபடி மறுபடியும் வட்டத்துக்குள் வீசினேன். அது மறுபடியும் வந்து கவ்வியது. அப்பன் வேறு என்ன செய்வான்?

மகள் போட்டோ எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு கையில் மீன், மறு கையில் போன் என்று நானே எடுத்துக்கொண்டேன். அருமையாக வந்தது. தண்ணீரில் விட்டபோது மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு வட்டத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன், திரும்பி வரவில்லை. மறுபடியும் வந்து மொய்த்த சின்ன மீன்கள் கலைந்தபோது வட்டத்தில் வெறும் மணல்தான் இருந்தது. மகள் அதற்கு முன்பே காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் போட்டோவைக் காருக்குள்ளிருந்தே குரூப்பில் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்ட்டிக்குள் நுழைந்ததுமே “சைவத் தூண்டில் கலக்கிட்டாருப்பா!” என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். சிரித்து வைத்தேன். கேக் வெட்டி முடிந்ததும் நண்பரின் மாமியார் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லா வீட்டிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“ஆன்ட்டி, இதுல முட்டை இருக்கா?”

“உனக்காகவே எக்லெஸ் ஆர்டர் பண்ணோம்ப்பா. தைரியமா சாப்பிடு.”

பக்கத்தில் நின்ற மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ ஒரு அங்கிளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு தன் தட்டை மேசையில் வைத்துவிட்டு மற்ற பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

வெட்கத்தில் காது சுட்டது. கேக்கில் ஒரு முட்டைகூட இல்லை. எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.