சிவப்புத் தார்க்குச்சி

என் கணினித் திரையின் மேல் ஒரு தார்க்குச்சி இருக்கிறது. குறுக்கே நெய்யும் ஊடைப் பட்டு நூலைச் சுற்றி, தறியில் ஓடும் நாடாவுக்குள் வைப்பார்களே, அந்தச் சின்னக் குச்சிதான். சிவப்புப் பட்டு இன்னும் அதில் சுற்றியபடியே இருக்கிறது. நான் ஆரணிப் பக்கத்துக்காரி என்பதால் ஊர்ப் பாசத்தில் வைத்திருக்கிறேன் என்று சென்னை அலுவலகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. காரணம் வேறு.

அதை என் மேஜையில் வைத்தவர் டிசைன் அக்கா. ஆரணியில் ஒரு பட்டுப்புடவை உற்பத்தியாளரின் டிசைன் அறையில் அவர் தலைமை ஆள். பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கட்டம் போட்ட தாளில் வரைந்து பழகிய கை, கணினிக்கு மாறியபோது அந்த ஊரிலேயே முதலில் மாறிய கைகளில் ஒன்று. வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அந்த நாற்காலியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் நெட்வொர்க் பார்க்க அங்கே சேர்ந்தவள். எல்லா டிசைன் ஃபைல்களும் பின்னறையில் இருந்த சர்வரில் இருக்கும். முந்தியும் பார்டரும் ஒரே ஃபைல், ஆனால் போடுபவர்கள் வேறு வேறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் ஒருவர் வேலை இன்னொருவர் வேலையை விழுங்கிவிடும். அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ஆர்டருக்கு ஒரு தார்க்குச்சி, ஒவ்வொன்றும் ஒரு நிறம், சுவரில் ஆணியில் தொங்கும். ஃபைலைத் திறப்பவர் குச்சியை எடுத்துத் தன் திரைமேல் வைக்க வேண்டும். வேலை முடிந்தால்தான் குச்சி ஆணிக்குத் திரும்பும். கையில் குச்சி இல்லாதவர் ஃபைலைத் தொடக் கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன். சர்வரே பூட்டுப் போடும்படி செய்தேன். ஒருவர் ஃபைலைத் திறந்தால் அவர் மிஷினின் பெயரில் பூட்டு விழும், மூடினால் விலகும். அழகாக வேலை செய்தது, கரண்ட் போகும்வரை. ஆரணியில் கரண்ட் சொல்லிவிட்டா போகிறது? மிஷின் அணைந்துவிடும், பூட்டு மட்டும் சர்வரில் அநாதையாக நிற்கும். "உன் பூட்டோட பெரிய பேஜாரா கீதும்மா" என்று பார்டர் போடும் அண்ணன் தினமும் புலம்புவார். அதனால் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பத்து நிமிடம் ஒரு மிஷினிடமிருந்து பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று குறித்துக்கொண்டு பூட்டை நீக்கிவிடும்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆள் கீறாங்களா இல்லியான்னு எட்டிப் பாக்காம பூட்ட எடுக்கலாமா பாப்பா?" என்றார். எட்டிப் பார்க்கத்தான் சர்வர் இருக்கிறதே என்றேன். பார்டர் அண்ணன் குச்சிகளை மறந்தார். அக்கா மட்டும் பழக்கத்தை விடாமல் திரைமேல் குச்சியை வைத்துக்கொண்டே இருந்தார்.

வந்தவாசிக் குடும்பம் ஒன்றின் முகூர்த்தப் புடவை வந்தது. பார்டர் நெடுக அன்ன வரிசை. சிவப்புக் குச்சி. ஒருநாள் காலை பெருக்கும்போது அக்காவின் நெட்வொர்க் கேபிள் லேசாகக் கழன்றிருக்கிறது. அவருக்குத் தெரியாது. திறந்த ஃபைல் திரையில் இருந்தது, முந்தியைப் போட்டுக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் கழிந்தது. ஆள் இல்லை என்று சர்வர் எழுதிக்கொண்டு பூட்டை எடுத்தது. எதிர் வரிசையில் அண்ணன் அதே ஃபைலைத் திறந்து அன்னங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

சேவ் ஆகவில்லை என்று அக்கா கூப்பிட்டார். நான் போய்க் குனிந்து கேபிளை அழுத்திச் செருகினேன். என் நெற்றிக்கு நேரே அந்தச் சிவப்புக் குச்சி இருந்தது. "இப்ப சேவ் பண்ணுங்கக்கா" என்றேன். என் பூட்டு திறப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே திறந்திருப்பவர் சேமிப்பதைத் தடுக்காது. அதே நொடியில் எதிரே அண்ணனும் சேமித்தார். ஃபைலின் மேல்பாதி அக்காவுடையதாகவும் கீழ்ப்பாதி அண்ணனுடையதாகவும் போய் உட்கார்ந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. தறிக்கான துளை அட்டை அடிக்கப் போய்விட்டது.

சில நாள் கழித்து மதியம் தறிக்காரர் போன் செய்தார். அக்கா சாப்பிடப் போயிருந்தார், நான் எடுத்தேன். "அன்னத்துக்குத் தலயே வரலம்மா. கழுத்தோட நிக்குது. ஓட்டவா, நிறுத்தவா?" நான் ஃபைலின் தேதியைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், பூட்டு ஒழுங்காக இருந்ததைப் பார்த்தேன். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. புது டிசைனாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "ஃபைல் கரெக்டா இருக்குங்க, ஓட்டுங்க" என்றேன். அவர், "கம்ப்யூட்டர் சொன்னா சரிதாம்மா" என்று வைத்தார். அன்று முழுக்க எனக்கு என்னவோ போலவே இருந்தது. அக்காவிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைப் பிரித்தபோது நான் அறைக்குள்தான் இருந்தேன். பார்டரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அடுத்த அன்னம், அதற்கடுத்தது, எல்லாமே தலையில்லாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் மேலே ஏற்றிய தலைகள் அக்காவின் பாதிக்குள் அழிந்துபோயிருந்தன. கத்தவில்லை. புடவையை வந்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். "கண்ணாலத்துக்குக் கட்றதுங்க இது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். அந்தப் பெண் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

கடைசியாக யார் சேமித்தது என்று முதலாளி கேட்டார். அக்காவின் பெயர் இருந்தது. பூட்டை நீக்கியது என் நிரல் என்பது சர்வரின் பதிவேட்டில் ஒரே ஒரு வரியாக இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

அன்றோடு அக்காவுக்கு வேலை போனது. டிபன் பாக்ஸைப் பையில் போட்டார். திரைமேல் இருந்த சிவப்புக் குச்சியை எடுத்து ஆணிக்குக் கொண்டுபோகாமல் என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார். "நான் எங்கியும் எழுந்து போவல பாப்பா. சீட்லதான் ஒக்காந்துகினு இருந்தேன்" என்றார். ஆரணியில் இப்படிப்பட்ட சேதி பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். தலையில்லாத அன்னம் போட்டவரை எந்த டிசைன் அறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. போளூரில் ஒரு துணிக்கடையில் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து வைக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது பெரிய பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பூட்டை நீக்குமுன் அந்த ஆளுக்குப் போன் போட்டு "சீட்ல இருக்கீங்களா?" என்று கேட்காமல் விடமாட்டேன். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

போன மாதம் ஆரணியிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய சர்வரைத் தூக்கிப் போடப்போகிறார்கள், ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்றார்கள். போனேன். அந்த வரி அப்படியே இருந்தது. அக்காவின் மிஷின் பெயர், நேரம், ஆள் இல்லை, பூட்டு நீக்கப்பட்டது. முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று, "இதுல எதனா முக்கியமானது கீதாம்மா?" என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் போகிறேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லைங்க, அழிச்சிடலாம்" என்றேன். நானே அழித்தேன்.

அக்கா சீட்டில்தான் இருந்தார் என்பதற்கு இனி எங்கேயும் சான்று இல்லை. இந்தக் குச்சி மட்டும் என் திரைமேல் இருக்கிறது. வேலை முடிந்தால்தான் அது ஆணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் சட்டம். அவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.