மாதேவியின் ஒன்ஸ்மோர்

மைசூரில் பாட்டு நாடகங்களுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது. அதில் ரசிகர்கள்தான் இல்லை. இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் பாடகர்களாகிவிட்டார்கள். மிச்சம் மாதேவி.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது தமிழக எல்லையோரம் ஹனூர் பக்கம், தமிழ் பேசும் கௌதள்ளியில். இப்போது மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சூப்பர்வைசர். காலை பத்தே முக்காலுக்கு, எண்ணூறு பேருக்குக் கொதிக்கும் சாம்பாரிலிருந்து கால் கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "ஆச்சு" என்றோ "ஆகலை" என்றோ சொல்ல வேண்டும். சமையல் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் "ஆகலை" என்றால் ஆகலைதான். கணவன் சித்தையன் அதே ஹெப்பாளில் ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர். இருபது வருஷமாக ஓட்டுகிறான். பஸ்ஸுக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் அந்த வேலை அவனுக்குப் பிடித்திருக்கிறது.

கல்யாணமான புதிதில் இருவரும் சாமராஜநகரில் குடியிருந்தார்கள். அப்போது அங்கே ஒரு கன்னட நாடகக் கம்பெனி நாலு மாதம் கொட்டகை போட்டிருந்தது. அம்பு பட்டுச் சாகும் ஒரு ராஜகுமாரனின் கதை. வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய. மாதேவி பத்தொன்பது தடவை பார்த்தாள். சித்தையன் மூன்று தடவை கூடப் போனான். நாலாவதிலிருந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தான். காதல் என்று இதைச் சொல்லலாம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாதேவி கன்னடம் கற்றதும் அந்தக் கொட்டகையில்தான். மேடையில் ராஜா தன் மந்திரியை "எலை மூடா!" என்று கூப்பிடுவார். மந்திரி உடனே குனிந்து கும்பிடுவார். நம்மூர் "ஏனுங்க" மாதிரி அது ஒரு மரியாதை வார்த்தை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்ற பெரியவரை இரண்டு மாதம் "எலை மூடா" என்றே கூப்பிட்டாள். "அடே முட்டாளே" என்று ஒரு புதுப்பெண் தினமும் சிரித்த முகத்தோடு சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்? அவரும் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கொட்டகை கற்றுக்கொடுத்த இன்னொரு வார்த்தை ஒன்ஸ்மோர். பாட்டு பிடித்துவிட்டால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் "ஒன்ஸ்மோர்!" என்று கிளம்பும். நடிகர் அதே பாட்டை மறுபடி பாட வேண்டும். செத்துக் கிடந்தாலும் சலுகை கிடையாது. எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, முழுப் பாட்டையும் பாடி, திரும்பவும் சாக வேண்டும். நன்றாகப் பாடும் நடிகர் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை செத்ததுண்டு.

ரசிகர் மன்றம் ஆரம்பித்து ஏழு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையரான வேலாயுதத்தின் வீட்டு மாடியில் கூடுவார்கள். முதல் மூன்று வருஷம் உண்மையிலேயே நாடகத்தைப் பற்றிப் பேசினார்கள். எந்த நடிகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று சண்டை போட்டார்கள். ஒரு பழைய கேசட்டைப் போட்டுவிட்டுப் பதினொரு பேரும் வாய் திறக்காமல் கேட்ட நாட்களும் உண்டு.

பிறகு தலைவர் ஆழ்வார் கரோக்கே பெட்டி வாங்கினார்.

ஆழ்வாருக்கு அறுபத்தெட்டு வயது. மேலுக்கோட்டைப் பூர்வீகம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். அவர் வாங்கிய பெட்டி சூட்கேஸ் உயரம். பச்சையும் சிவப்புமாக உள்ளே விளக்கு சுற்றும். செல்போனிலிருந்து வெறும் இசையை அதற்கு அனுப்பினால் யார் வேண்டுமானாலும் கூடப் பாடலாம். யார் வேண்டுமானாலும் பாடினார்கள். ஒருவர் பாடும்போது மற்ற ஒன்பது பேர் தங்கள் பாட்டின் வரிகளைப் போனில் தேடிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பது மாதேவி மட்டும்.

அதனால் அவளுடைய ஒன்ஸ்மோருக்கு ஒரு மதிப்பு ஏறிவிட்டது. ஏழு வருஷத்தில் அவள் சொன்னது ஒன்பது. அதில் ஏழு, கேசட்டில் பாடியவர்களுக்கு. வேலாயுதம் ஒன்றுகூட வாங்கியதில்லை. ஆழ்வாரும்தான், ஆனால் தலைவர் என்பதால் அவர் அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு செய்தி வந்தது. வட கர்நாடகத்துக் கம்பெனி ஒன்று மைசூருக்கு வருகிறது. ஒரே ஒரு ஆட்டம். அதே ராஜகுமாரன் நாடகம். பெட்டி இசை கிடையாது. காலால் மிதித்து வாசிக்கும் கால் ஹார்மோனியம், தபேலா, எல்லாம் ஆள் வைத்து. மாதேவிக்கு அன்று சாம்பாரின் உப்பு சரியாகத் தெரியவில்லை.

மைசூர்க்காரர்களுக்கு தசரா கற்றுக்கொடுத்திருக்கும் ஞானம் ஒன்று உண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவன், ஊரில் யாரையும் தெரியாதவன். மனிதன் என்றால் பாஸில் போக வேண்டும். ரசிகர் மன்றத்துக்கும் பாஸ் வந்தது. ஆட்கள் பதினொன்று, பாஸ் பத்து.

"நம்ம மன்றத்து ஆண்டு விழா முடியட்டும், யாருக்கு இல்லேன்னு அப்புறம் பார்ப்போம்" என்றார் ஆழ்வார்.

புதன்கிழமை மாதேவிக்குப் போன் செய்தார். இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். மற்றவர் பேசுவது தமிழ் அல்ல என்று இருவருமே நினைப்பதால் பெரும்பாலும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். அன்று ஆழ்வார் தமிழில் ஆரம்பித்தார்.

"மாதேவி, உங்க பாஸை நான் பார்த்துக்கறேன். கவலையே படாதேங்கோ."

"ரொம்ப சந்தோசமுங்க."

"ஞாயித்துக்கிழமை விழாவிலே ராஜகுமாரன் சாகற பாட்டு என்னோடது. நான் சாகறச்சே நீங்க கொஞ்சம் கவனமா இருக்கணும்."

"நானு எப்பவும் கவனமாத்தானுங்க கேக்கறேன்."

"காது சரி. வாயும் கவனமா இருக்கணும்."

போனை வைத்துவிட்டு அவள் சித்தையனிடம் சொன்னாள். அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தைதான? சொல்லித் தொலை புள்ளெ. ஹாரன் அடிக்கற மாதர."

"குறுக்க வண்டி வந்தாத்தான ஹாரன் அடிப்பீங்க?"

"மைசூர்லயா?" என்றான் சித்தையன்.

விழா ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. டிபன் இருந்தவரை கூட்டம் இருந்தது. பிறகு உறவினர்கள், தத்தம் ஆள் பாடி முடித்ததும் கண்ணியமாக ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாக ஆழ்வார் கிரீடமும் ஒட்டு மீசையுமாக மேடைக்கு வந்தபோது, மண்டபத்தில் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேர் நாற்காலிகளை எடுத்துப்போக வந்தவர்கள். சித்தையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இருபது வயது ராஜகுமாரன் நெஞ்சில் அம்போடு குதிரை மேல் சாய்ந்து பாடும் பாட்டு அது. பதினொரு நிமிஷம். குதிரைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கரோக்கே இசை யாரோ ஒரு இளைஞன் குரலுக்கு ஏற்றபடி உச்சத்தில் இருந்தது. அதை எட்டிப் பிடிக்க ஆழ்வார் ஏறினார். ஏறிய இடமெல்லாம் வழுக்கியது. நெஞ்சில் அம்பு பட்ட வலி மட்டும் தத்ரூபமாக வந்தது, கேட்டவர்களுக்கும்.

ஒன்பதாவது நிமிஷம் இசை நின்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், "வத்ஸலா ஹோம் காலிங்" என்றது. மேடை ஓரத்தில் ஆழ்வாரின் போனை வைத்திருந்த வேலாயுதம் பதறிப்போய் எதையோ அமுக்கினார். மண்டபம் முழுவதும் ஆழ்வாரின் மனைவியின் குரல் நிறைந்தது.

"ஏன்னா, காஸ் சிலிண்டர் வந்திருக்கு. ஓடிபி கேக்கறான், சொல்லுங்கோ!"

வேலாயுதம் இன்னொன்றை அமுக்கினார். எல்லாம் அடங்கியது. பெட்டியின் விளக்குகள்கூட நின்றுவிட்டன.

ஆழ்வார் பெட்டியைப் பார்த்தார், வேலாயுதத்தைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வருவதாக இல்லை. அவமானத்தில் தலையைக் குனிந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் வாய்க்கு வந்த இரண்டு வரியை மட்டும் பாடினார். எனக்காக நிற்காதே, நீ வீட்டுக்குப் போ என்று ராஜகுமாரன் குதிரையிடம் சொல்லும் இடம். எட்டிப் பிடிக்க எந்த உச்சமும் இல்லாததால் குரல் அதன் சொந்த இடத்துக்கு இறங்கியிருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு கேட்டது. பாடினார் என்பதைவிட, சொன்னார். சொல்லிவிட்டு, சீக்கிரம் முடித்துக்கொள்கிற மாதிரி கீழே விழுந்து செத்துப்போனார்.

"ஒன்ஸ்மோர்!"

தான்தான் கத்தினோம் என்று மாதேவிக்கு ஒரு நொடி கழித்தே தெரிந்தது. பாஸ் ஞாபகத்துக்கு வந்தது அதற்கும் பிறகு.

ஆழ்வார் ஒரு கண்ணைத் திறந்தார். எழுந்தார். மண்ணே இல்லாத வேட்டியில் மண்ணைத் தட்டினார். "வேலாயுதம், ஃபர்ஸ்ட்லேர்ந்து போடும்" என்றார். பெட்டியில் விளக்கு சுற்றியது. முழுதாகப் பதினொரு நிமிஷம், இந்த முறை தடங்கல் இல்லாமல். குதிரையை வீட்டுக்குப் போகச் சொன்ன இடத்தில் எழுந்த கிறீச்சில், நிஜக் குதிரையாக இருந்திருந்தால் சொல்லாமலே ஓடியிருக்கும்.

விழித்துக்கொண்ட சித்தையன், "கேட்டு வாங்கிட்டெ. அனுபவி" என்றான்.

சாப்பாட்டுப் பந்தியில், மீசையைக்கூட எடுக்காமல் ஆழ்வார் வந்தார். எல்லோர் முன்னாலும் ஜிப்பா பையிலிருந்து ஒரு பாஸை எடுத்து மாதேவியின் கையில் கொடுத்தார்.

"ரசனைன்னா என்னன்னு தெரிஞ்சவா இவா ஒருத்தர்தான்" என்றார்.

பாஸ் வழவழப்பாக இருந்தது. மூலையில் ஒரு கால் ஹார்மோனியத்தின் படம். மாதேவி கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

எதிர் வரிசையில் பிசிபேளாபாத்துக்கு மேல் பூந்தியைத் தூவிக்கொண்டிருந்த வேலாயுதம் நிமிராமலே சொன்னார்: "அப்படிப் போடு. ஒரு பாஸுக்கு ஒரு ஒன்ஸ்மோர். ரேட்டு தெரியாம ஏழு வருஷம் சும்னே தொண்டை கிழியப் பாடியிருக்கோம் பாருங்க."

பந்தி சிரித்தது. ஆழ்வாரும் சிரித்தார், அவருக்கு அது பாராட்டாகப் பட்டதோ என்னவோ.

பேசாமல் இருந்துவிடலாம். சிரிப்பு பாயசம் வரும்வரைதான் இருக்கும், ஹார்மோனியம் மூன்று வாரத்தில் வந்துவிடும். மாதேவி ஒரு வாய் சாப்பிட்டாள். இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏனுங்க வேலாயுதம், நானு பாஸுக்குச் சொல்லுலீங்க. அந்த ரெண்டு வரிக்குச் சொன்னேன்."

"எந்த ரெண்டு வரி?"

"பொட்டி நின்னு போச்சில்லீங்? அப்ப இவுரு பாடுனாரே, அதுக்கு."

ஆழ்வாரின் மீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. "அப்போ பெட்டியோட பாடினது? ரெண்டு தடவை பாடினேனே?"

கேண்டீனில் சொல்வதைப்போலவே, கோபமும் இல்லாமல் குழைவும் இல்லாமல் மாதேவி சொன்னாள்: "ஆகலைங்க."

அவர் கையை நீட்டவில்லை. அவளாகவே பாஸை அவருடைய தண்ணீர் டம்ளருக்குக் கீழே செருகிவிட்டு எழுந்தாள். அன்று சாயங்காலமே அது வேலாயுதத்தின் சகலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பாட்டென்றால் காத தூரம் ஓடுகிறவர். ஆனால் அவர் ஏற்பாட்டில் அரங்கு வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்கும்.

அடுத்த இரண்டு ஞாயிறும் மாதேவி மாடிக்குப் போகவில்லை. பத்துப் பாடகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது என்றும், இரண்டாவது வாரம் ஐந்து மணிக்கே கலைந்துவிட்டார்கள் என்றும் கேள்வி.

நாடகத்தன்று மத்தியானம் அவள் சித்தையனைக் கிளப்பினாள். "டிக்கெட் எடுத்துப் பாப்போம் வாங்க."

"டிக்கெட்டா? தெரிஞ்சவங்க பாத்தா என்னெ நெனப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தான்.

கவுண்டரில் இருந்த ஆள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். இரண்டு டிக்கெட் என்றதும் அவர் முகம் மாறியது.

"பாஸ் இல்லையா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"இல்லீங்க. டிக்கெட்டுத்தான்."

"யாரையும் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் டிக்கெட்டு."

அவர் மேஜை டிராயரைத் திறந்து தேடினார். அலமாரியில் தேடினார். டிக்கெட் புத்தகம் இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டுக்காக ஒரு புத்தகத்தைப் பிரிப்பதா, சீல் போடுவதா, கணக்கு எழுதுவதா என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது. கடைசியில் உறையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மேல் பாக்கெட்டிலிருந்து இரண்டு பாஸை எடுத்து நீட்டினார்.

"எதுக்கம்மா தொந்தரவு? இந்தாங்க. வி.ஐ.பி., மூணாவது வரிசை."

மன்றத்தின் பாஸுக்குப் பதினாலாவது வரிசை. சித்தையன் நடைபாதையில் இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்து எல்லோருக்கும் கையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிப்போனான்.

மேடைக்குக் கீழே ஹார்மோனியக்காரர் காலால் மிதித்து ஸ்ருதி கூட்டிக்கொண்டிருந்தார். மாதேவி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காலி நாற்காலியில் யாரோ வந்து உட்காருவது தெரிந்தது. ஆழ்வார். மீசை இல்லாமல் சின்ன முகமாக இருந்தார்.

"அது எந்த ரெண்டு வரி?" என்றார், திரும்பாமல்.

மாதேவி அவரைப் பார்த்தாள்.

"தினம் ஆத்துல பாடிப் பார்க்கறேன். பெட்டி எந்த எடத்துல நின்னதுன்னு நேக்கு ஞாபகமே இல்லை. வேலாயுதத்துக்கும் தெரியலை. வத்ஸலாவைக் கேட்டா அவளுக்கு ஓடிபி மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

அவர் கிண்டல் செய்யவில்லை. முழங்கால் மேல் வைத்திருந்த கையில், பாட்டு முழுவதையும் எழுதிய ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன.

விளக்குகள் அணைந்தன. திரைக்குப் பின்னால் மணி அடித்தது.

"வருமுங்க" என்றாள் மாதேவி. "வந்தா கையக் கிள்ளறேன். அதுவரைக்கும் கூடப் பாடாம சும்மா கேளுங்க."