ஏற்புறுதிக்கு வந்த கல்யாணம்

அலுவலகத்தில் நான் மொழிபெயர்க்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஏற்புறுதி செய்தல்'. ஒருவர் சார்பில் போனவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள். அனுப்பியவர் அதைப் படித்துப் பார்த்து, சரி என்று உறுதி செய்தால்தான் அது அவரைக் கட்டுப்படுத்தும். பெரிய பெரிய நாடுகளே இப்படித்தான் காத்திருக்கின்றன. புத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் இந்தச் சங்கடம் கிடையாது.

எனக்குச் சிலாபத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்துப்போனது அவர்களுடைய அதிர்ஷ்டம். மீதியைப் பேசி முடிக்க வாப்பாவும் பெரிய மாமாவும் வான் பிடித்துப் போனார்கள். அங்கே பகலுக்குப் புரியாணி. புரியாணிக்குப் பிறகு மாமா எதையும் மறுத்ததாக வரலாறு இல்லை. திரும்பி வந்தவர், நாள் குறித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று என்று அடுக்கினார். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விடுவதாக வாக்குக் கொடுத்ததையும், கடையில் பாண் வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்து, பரீட்சை எழுதிப் பிடித்த வேலை. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்றேன்.

"வாக்குக் குடுத்தாச்சே மகள். இனி மாத்திக் கதைக்க ஏலாது" என்றார் மாமா.

"வாக்கு நீங்க குடுத்தது. வேலை என்ட."

வாப்பா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதில் மும்முரமாக இருந்தார். அதுதான் அதிகம் வலித்தது.

மாப்பிள்ளைக்கு நானே போன் எடுத்தேன். அவர் திகைத்துப்போனார். நானாக விரும்பி வேலையை விடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம். ஆக, நாங்கள் இருவரும் கேட்காத ஒன்றை, இரு பக்கத்துப் பெரியவர்களும் பாடுபட்டுப் பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

அவர் தன் வீட்டில் பேசினார். பெரியவர்கள் மறுபடியும் கூடினார்கள். இந்த முறை எங்கள் வீட்டில், எங்கள் புரியாணி. என்னை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். சாப்பிட்டு முடிந்ததும் மாமா கூப்பிட்டார். தாங்கள் நன்றாக யோசித்து, நான் வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்திருப்பதாக அறிவித்தார். எல்லோரும் என் நன்றிக்காகக் காத்திருந்தார்கள்.

வாப்பா மட்டும் கதிரையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க என்ன மகள் சொல்றீங்க?"

அத்தனை நாள் பேச்சில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. 'ஓம், சம்மதம்' என்று கம்பீரமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.