ஏசி அறைக்குள் கேட்காத அறிவிப்பு

யுத்தம் முடிந்த பிறகுதான் கல்லடியில் எங்கள் வீட்டைக் கட்டி முடித்தோம். தகரக் கூரையின் வெக்கையில் ஏழு மாத மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டது. சின்ன அறையை மட்டும் திருத்தி ஏசி பூட்ட ஒரு மேசன் பாஸைப் பிடித்தோம்.

"தங்கச்சி, ஒரு ஜன்னலையாவது திறக்கிற மாதிரி விடுவமே?" என்றார் அவர். குளிர் போய்விடுமென்று பயந்து, எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னேன்.

ஒரு பின்னேரம் பிள்ளையோடு அந்த அறையில் உறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி திறந்திருந்த குசினிக் கதவு வழியாக வந்து, அறைக் கதவை உடைப்பதுபோல் தட்டியபோதுதான் விழித்தேன்.

"என்னகா புள்ள, எவ்வளவு நேரமாக் கத்துறன்! கடல் வரப்போகுதாம், ஓடு!"

கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவள் நான். பிள்ளையை அணைத்துக்கொண்டு மாமியோடு கல்லடிப் பாலம் தாண்டி ஓடினேன். அன்று கடல் வரவில்லை.

மறுநாள் பாஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "புள்ளைக்கு ஒண்டும் இல்லையே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு ஜன்னலைத் திறக்கும்படி செய்து தந்தார்.

இப்போது அதை நான்கு விரல் அகலம் திறந்து வைத்தே உறங்குகிறோம். குளிர் குறைவுதான். மனம் கேட்காமல், நான் அறைக்குள் இருந்துகொண்டு, மாமியை அவரது குசினி அடுப்படியில் நின்று ஒருமுறை கூப்பிடச் சொன்னேன்.

"கேக்குதா புள்ள?" என்றார்.

நன்றாகவே கேட்டது.