தங்கச்சியின் மூன்று விரல்

டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா வந்தார். வளரும் பிள்ளைகளுக்கு வாய் எவ்வளவு திறந்தால் இயல்பு என்று பார்க்க வேண்டுமாம். ஸ்கேலை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து அவர் அளவைச் சொல்லச் சொல்ல, பத்தாவது படித்த நான் நோட்டில் எழுதினேன்.

"ஸ்கேல் இல்லேன்னா உங்க மூணு விரலை அடுக்கி வெச்சுப் பாருங்க. உள்ள போகணும்" என்றார்.

எட்டாவது படித்த என் தங்கச்சிக்குத் தாராளமாகப் போனது. சரியான வாயாடி. "இதுலயாவது ஃபர்ஸ்ட் வந்தியே" என்று கிண்டல் செய்தேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் நகர வேண்டும். தாடை கடுக்கும். எண்ணெய் தடவினால் விடிவதற்குள் சரியாகிவிடும்.

லீவில் தங்கச்சியும் எங்களோடு ஏரியில் இறங்கினாள். முதல் நாளே சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்தது. "இன்னாடி, இதுக்கா அழுவுற?" என்று சுண்ணாம்பு வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, கஞ்சி குடிக்க வாய் திறக்கவில்லை என்றாள். "பாப்பாவுக்குப் பறி கவ்விப் பழக்கமில்ல, அதான் புடிச்சிக்கிச்சு" என்று அம்மா எண்ணெய் காய்ச்சினாள். மறுநாள் தங்கச்சியின் விரலையே அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான் போனது.

"ஏரிக்கு வராம இருக்க நடிக்கிறியா?" என்று அந்தத் தாடையைப் பிடித்து இழுத்தேன், பாவி.

பல்லைக் கடித்தபடியே, "இல்லக்கா" என்றாள். அளவு தெரிந்தும் இன்னொரு நாள் விட்டேன்.

மூன்றாம் நாள் அவள் முதுகு வில்லாக வளைந்தது. நைனா தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினார். டாக்டர் தாடையைத் தொட்டுவிட்டு நேராகக் காலைத்தான் தூக்கி, சிப்பி கிழித்த புண்ணைப் பார்த்தார்.

"இது டெட்டனஸ். எத்தனை நாளா வாய் திறக்கல?"

நைனா என்னைப் பார்த்தார். மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா அச்சடித்த தாளோடு திரும்பி வந்தார். "உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு வாய் நல்லா திறக்குது" என்றார். என் தங்கச்சியின் அளவும் இதில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீ எழுதினது எல்லாமே இருக்கும்மா."

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இறாலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "இன்னாடி அது?" என்றாள்.

"பாப்பாவுக்கு வாய் நல்லா இருந்திச்சாம்மா" என்றேன்.