தனித்தொகுதி வேட்பாளர்

வெயிலில் இளகிய தாரின் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாத நண்பகலில் சேத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் வெறுங்காலோடு நின்ற என் மாமாவின் நினைவு வந்து எனக்குக் கோபம் தலைக்கேறும்.

அப்போது இராஜபாளையம் தனித்தொகுதி. எங்களைப் போல் ஊருக்கு வெளியே 'காலனி'யில் வைக்கப்பட்டவர்கள்தான் அங்கே சட்டமன்றத்துக்கு நிற்க முடியும்; ஆனால் எங்களைத் தெருவுக்குள் விடாதவர்களின் ஓட்டில்லாமல் ஜெயிக்க முடியாது. அம்மாவின் தம்பியான மாமா நூல் மில் தொழிலாளி. காலனிக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எல்லாக் கட்சிக்காரர்களிடமும் அலைந்து வெறுத்துப்போய், தானே சுயேச்சையாக நின்றார்.

பிரச்சாரத்துக்கு நாங்கள் போன அன்று, மேலத்தெரு திரும்பும் முக்கில் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஜீப்பை மறித்தார்.

"ஓட்டு வேற, வழக்கம் வேற. செருப்ப வண்டியிலயே போட்டுட்டு நடந்து வா."

மாமா கழற்றினார். கூட வந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். என் கையைப் பிடித்திருந்த அம்மா மட்டும் அசையவில்லை.

"தம்பி, செருப்பக் கழட்டிப் போட்டு ஓட்டு வாங்கி, நீ யாருக்கு எம்.எல்.ஏ. ஆகப் போற?"

"ஜெயிச்சிட்டு, பொறவு செருப்போட வாரேன்க்கா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அவர் கும்பிட்டபடி நடந்தார். சூடு தாங்காமல் அவர் காலை மாற்றி மாற்றி வைத்ததை வாசல்களில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர்கூட நோட்டீஸைக் கையில் வாங்கவில்லை.

அம்மா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். டெபாசிட்கூடத் தேறவில்லை. கால் கொப்புளம் ஆறியதும் மாமா மில்லுக்குத் திரும்பினார். சாகும்வரை அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். சிமெண்ட் சாலையில் எல்லோரும் செருப்போடு நடக்கிறார்கள். நான் யாரென்று கல்யாண வீட்டார் சொன்னதும் அந்தப் பெரியவரின் மகன் ஓடி வந்து என் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக அன்று நடந்ததை நான் சொன்னதும் சிரித்தார்.

"நம்ம ஊர்ல அப்பிடியெல்லாம் எப்பவுமே கெடையாதேக்கா. நீங்க அப்ப சின்னப் புள்ள."

அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது இருந்ததே இல்லை என்று சொல்ல இவருக்கு எத்தனை எளிதாக வாய் வருகிறது! நான் கையை உருவிக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.