யார் ஸ்டேஷன் இது?

ஒரகடம் பக்கம் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் எதற்கு, விடுங்கள். அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்: 'நாம் ஒரே குடும்பம். தவறு தெரிந்தால் பயப்படாமல் கயிற்றை இழுங்கள்.' சீட்டுகள் ஆள் மாற்றி ஆள் நகர்ந்து வரும் லைன் நெடுக, தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். இழுத்தால் லைன் நிற்கும், மணி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று எச்.ஆர். ஐஸ்வர்யா மேடம் சிரித்த முகமாய்ச் சொன்னார்: "இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம். அதுதான் நம்ம கல்ச்சர்." சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பாண்டிச்செல்வி அதை அப்படியே நம்பினாள். நம்புகிறவர்களுக்குத்தானே இதெல்லாம் சொல்லப்படுகிறது.

படப்பையில் ஆறு பெண்கள் சேர்ந்து எடுத்த அறையில் இருந்தாள். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஒருத்தி எழுந்துபோன பாயில் இன்னொருத்தி வந்து படுப்பாள். முகம் பார்த்துப் பேச வாய்க்காது. அவள் நாலு பேரோடு சேர்ந்து இருந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். லைனில் ஆளுக்கு ஓர் இடம், அதை ஸ்டேஷன் என்பார்கள். அவளுக்கு முந்தின ஸ்டேஷனில் நிற்கும் சத்யப்பிரியா பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரி, சரியான வாயாடி. கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுவாள். "பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கெடைக்கலன்னா இன்னாக்கா? நம்ம வூடு கீது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனவள் அவள்தான்.

சீட்டின் அடிச்சட்டத்தில் போல்ட் முடுக்கி, முடுக்கியாயிற்று என்பதற்குப் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பது சத்யப்பிரியாவின் வேலை. அடுத்து அதில் சீட் பெல்ட் கொக்கியை மாட்டுவது பாண்டிச்செல்வியின் வேலை. மாசிக் கடைசியில் ஒருநாள், புள்ளி வைத்த போல்ட் ஒன்று விரல் பட்டதும் ஆடியது. பாண்டிச்செல்வி யோசிக்கவே இல்லை, கயிற்றை இழுத்துவிட்டாள். யோசிக்க வேண்டாம் என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மணி அடித்தது. மேனேஜர் ஓடி வந்தார். மெஷினில் கோளாறா, லைன் வேகம் அதிகமா, ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்ததும் வந்த முதல் கேள்வி, "யார் ஸ்டேஷன் இது?"

சத்யப்பிரியா கையைத் தூக்கினாள். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதம் வரவேண்டிய பர்மனென்ட் ஆர்டரும் தள்ளிப்போனது. பாண்டிச்செல்விக்குச் சால்வை, சான்றிதழ், நோட்டீஸ் போர்டில் போட்டோ. ஒரே போல்ட்டுக்கு ஒருத்திக்கு மெமோ, இன்னொருத்திக்குச் சால்வை. நல்ல கல்ச்சர்!

பாண்டிச்செல்வியிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. மறுநாள் தட்டோடு போனபோது, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள். அதை ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் மைசூர்பாகு வாங்கிவந்து அந்த மேசையில் பிரித்து வைத்தாள். பிரித்தது பிரித்தபடியே இருந்தது. கடைசியில் மேசை துடைக்கிற லீலா அக்காதான் பெட்டியோடு எடுத்துப் போனார்.

சால்வை போட்டோ வாட்ஸ்அப்பில் ஊருக்கும் போய்விட்டது. அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, தெருவே பாத்துட்டு. கூட வேல பாக்குற புள்ளைகளுக்கெல்லாம் சந்தோசந்தான?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கி வச்சேன்."

பொய்யும் இல்லை. போனை வைத்துவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதே என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு கம்பெனி பஸ், லைன், பாய், இவ்வளவுதான் என்றாயிற்று. சில நாள் ஷிஃப்ட் முழுக்க அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தன் குரலைக் கேட்பதற்காகவே, கேன்டீனில் சோறு போடுகிறவரிடம் "போதும்ணே" என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொல்வாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்.

வைகாசியில் சீட்டுக்கு ஆர்டர் கூடியது, லைன் வேகத்தையும் கூட்டினார்கள். ஒரு காலை அவள் முன்னால் வந்து நின்ற சட்டத்தில் புள்ளி பளிச்சென்று இருந்தது. போல்ட் ஆடியது. முடுக்குகிற கருவி அவளிடம் கிடையாது. ஓடுகிற லைனில் சட்டத்தைத் திருப்பி அனுப்பவும் முடியாது. கயிறு ஒன்றுதான் வழி. கை மேலே போனது.

சத்யப்பிரியா பார்த்துவிட்டாள்.

"அக்கா," என்றாள்.

பங்குனி, சித்திரை முழுக்கப் பாண்டிச்செல்வியின் காதில் விழாத சொல் அது. மிரட்டல் இல்லை, கெஞ்சல். இன்னொரு மெமோ வந்தால் அவளை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். அது லைனுக்கே தெரியும். இந்த சீட்டில் உட்காரப் போகிறவர்களும் பாண்டிச்செல்வியின் நினைவில் வந்தார்கள். ஆனால் அவர்கள் யாரோ, எந்த ஊரோ. இவள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டிருக்கிறாள். கையை இறக்கினாள். கொக்கியை மாட்டினாள். சட்டம் நகர்ந்து போய்விட்டது.

மதியம் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்கு நடந்தாள்.

"இன்னாக்கா, அங்க எங்க போற? இங்க குந்து."

சத்யப்பிரியா நகர்ந்து இடம் விட்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் சத்யப்பிரியாவைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி பாண்டிச்செல்வியின் ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்ட, மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்கு எப்படி ஏங்கியிருந்தாள்! இப்போது பேச ஆள் கிடைத்துவிட்டது. காலையில் ஆடியபடியே போகவிட்ட அந்தப் போல்ட்டைப் பற்றி மட்டும் இவர்களில் யாரிடமும் சொல்ல முடியாது.

வெளியே சீட் ஏற்றிய லாரி ஒன்று கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வி தலையைத் தூக்கவில்லை.

"இன்னாக்கா, சாப்பிடல?" என்றாள் சத்யப்பிரியா.

"சாப்பிடுதேன்," என்று ஒரு வாய் எடுத்து வைத்தாள்.